கட்டுச்சோறும் காந்தியின் ஐந்து பொருளும்



பதிவு நீளம். "டீச்சர் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க" என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். குறிப்பாக, வேலைக்காக ஊர் ஊராக அலைகிற பிள்ளைகளும், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களும் கட்டாயம் படியுங்கள்.

இந்த ஆடித்தபசுக்கு ஊருக்கு வந்திருந்த மாணவன் ஒருவன் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது நாற்பது வயது. நூற்பாலை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. கோயம்புத்தூர், திண்டுக்கல், குஜராத் என்று மாதத்தில் இருபது நாள் வெளியூர்தான். ஒல்லியாக, சட்டை தோளில் நிற்காத பையனாக இருந்தவன், நாற்காலியில் உட்காரும்போது மூச்சு வாங்கினான்.

தட்டில் மூன்று வடையும் இரண்டு அதிரசமும் வைத்தேன்.

"டீச்சர், எனக்குச் சுகர் இருக்கு. டாக்டர் இனிப்பு தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"சரிப்பா" என்று தட்டை எடுத்திருக்க வேண்டும். நான் சொன்னது இது: "ஒரு நாளைக்குத்தானய்யா. டீச்சர் கையால செஞ்சது. ஒண்ணு சாப்பிடு."

மறுபேச்சு இல்லாமல் சாப்பிட்டான். இரண்டு அதிரசத்தையும். டீச்சர் சொன்னால் கேட்க வேண்டும் என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன்!

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே தவறை என் சொந்தத் தம்பிக்கு இருபது வருடம் செய்தவள் நான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு.

வழி நடந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசில் பெற்று வருகிற பாணன் ஒருவன், எதிரே வருகிற ஏழைப் பாணனிடம், "தொண்டைமான் இளந்திரையனிடம் போ, வழி இது" என்று சொல்வதாக அமைந்த பாட்டு. அதை நான் எப்போதும் ஒரு பயணக் கையேடு என்றுதான் சொல்வேன். ஏனென்றால், எந்த நிலத்தில் எந்த வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்கிறது. எயினர் குடியிருப்பில் உடும்புக் கறியோடு சோறு. ஆயர் வீட்டில் தினைச் சோறும் பாலும். முல்லை நிலத்தில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும். மருத நிலத்தில் வெண்ணெல்லுச் சோறும் கோழியும். அந்தணர் வீட்டில் மாதுளங்காய்ப் பொரியலும் மாவடு ஊறுகாயும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வழி மாற மாற சாப்பாடு மாறுகிறது. அந்த நிலத்தில் விளைந்ததுதான் இலைக்கு வருகிறது. அதோடு ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு நாள் நடை இருக்கிறது. பாணனுக்கு எடை கூடும் கவலை இல்லை. பசிதான் அவன் கவலை. அதை மறந்துவிட்டு "அந்தக் காலத்தில் எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தார்கள்" என்று பேசக்கூடாது.

பிறகு சத்திரங்கள் வந்தன. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகள் போட்டார், சத்திரங்கள் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கில அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் சோறு. அங்கே நோய்ப்பட்டவர்களுக்கு மருந்தும், அவர்கள் உடம்புக்கு ஏற்ற உணவும், குணமாகும் வரை கவனிப்பும்.

'உடம்புக்கு ஏற்ற உணவு' என்பதை அடிக்கோடு போட்டுக் கொள்ளுங்கள். இருநூறு வருடத்துக்கு முன்பு, முகம் தெரியாத வழிப்போக்கனுக்குச் சத்திரத்தில் தெரிந்த மரியாதை, ஆடித்தபசு அன்று எனக்குத் தெரியவில்லை.

சத்திரம் இல்லாத வழிக்குக் கட்டுச்சோறு. இது நம் அப்பா தாத்தா காலம் வரை இருந்தது. நானே கண்ணால் பார்த்தது.

அப்பாவின் பொட்டலம்

என் அப்பா கைத்தறிச் சேலை, துண்டு வியாபாரம் செய்தவர். நம் ஊர்த் தறிகளில் நெய்ததை மூட்டையாகக் கட்டி, மதுரை, திருச்சி, ஈரோடு என்று ரயிலிலும் பஸ்ஸிலும் கொண்டு போய்க் கடைகளுக்குப் போடுவார். 1960களின் கடைசி, 70கள். விருதுநகரிலிருந்து தென்காசி போகிற ரயில் பாதை நம் ஊர் வழியாகப் போவது இந்த ஊருக்குக் கிடைத்த வரம்.

அப்பா கிளம்புகிற அன்று அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவாள். புளிக்காய்ச்சல் முதல் நாளே தயாராக இருக்கும். சோறு வடித்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு ஆற வைப்பாள். நன்றாக ஆறிய பிறகுதான் கிளறி வாழை இலையில் கட்டுவாள். சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கெட்டுவிடும். புளியின் புளிப்பும் உப்பும், தண்ணீர் சேராத பதமும்தான் அதைக் கெடாமல் காக்கும். துணைக்கு ஒரு பருப்புத் துவையல். இரவுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஆறு. ஒரு சின்னத் துணிப்பையில் பொரிகடலையும் கருப்பட்டியும். கூஜாவில் தண்ணீர்.

புளிச்சோறு ஒன்றும் எடை குறைக்கும் உணவு இல்லை. சோறும் எண்ணெயும்தான். ஆனால் அதில் ஒரு விஷயம் இருந்தது. பொட்டலம் முடிந்தால் சாப்பாடு முடிந்தது. இரண்டாவது தடவை பரிமாற அங்கே ஆள் இல்லை. எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பது ரயிலில் தீர்மானமாகவில்லை. விடியற்காலை எங்கள் அடுப்படியில் தீர்மானமாகிவிட்டது.

கட்டுச்சோற்றின் அருமை அதன் ருசியில் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். புறப்படும் முன்பே முடிவு எடுத்தாகிவிட்டது என்பதில்தான் இருந்தது.

அந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் தூக்கம் கெட்ட ஒரு பெண் இருந்தாள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அப்பாவுக்கு உடம்பு கெடவில்லை. அம்மாவுக்கு இடுப்பு போனது. ஆகவே, பழையபடி பெண்டாட்டி எழுந்து கட்டிக் கொடுக்கட்டும் என்பதற்காக யாரும் இந்தப் பதிவை எடுத்துக் காட்ட வேண்டாம்!

ரயில் கொண்டு வந்த மாற்றம்

தென்னிந்தியாவில் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதற்குப் பிறகு நடந்ததை ஒரே வரியில் சொல்லலாம். அதுவரை சாப்பாட்டைத் தேடி வழிப்போக்கன் போனான். இப்போது வழிப்போக்கனைத் தேடிச் சாப்பாடு வந்தது. ஜன்னலுக்கே வந்தது.

அது நல்ல சாப்பாடாக இருந்ததா? 1917இல் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. அந்த அனுபவத்தைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். வழியில் கொடுத்த தேநீர், துவர்ப்புத் தண்ணீரில் அழுக்குச் சர்க்கரையும் பால் என்று பெயர் வைத்த ஏதோ ஒன்றும் கலந்தது என்கிறார். பார்வைக்கு எப்படி இருந்தது என்பதற்குத்தான் தான் சாட்சி, ருசிக்குக் கூட வந்த பயணிகள் சாட்சி என்றும் சொல்கிறார். பலகாரங்களை மனிதருக்கு முன்பே ஈக்கள் ருசி பார்த்துவிட்டதையும் விடவில்லை.

சாப்பாட்டு அறைகளில் அழுக்கு மட்டும் பிரச்சினை இல்லை. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. ஒரே டிக்கெட், ஒரே ரயில், ஒரே பசி. ஆனால் இலை போடும் இடம் வேறு. பெரியார் இதை எதிர்த்துத் தொடர்ந்து போராடினார். 1941இல்தான் அந்தப் பிரிவினை நீங்கியது. இன்று நாம் எந்த ஸ்டேஷனிலும் எந்த மேஜையிலும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அது சும்மா வந்ததில்லை.

ஜன்னலுக்கு வந்த சாப்பாடு, ஊருக்கு ஊர் ஒரு பெயரும் வாங்கியது. நம் சுற்று வட்டாரத்தையே பாருங்கள். கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. இரண்டுக்கும் இப்போது புவிசார் குறியீடும் இருக்கிறது. சாத்தூர் என்றால் காராச்சேவு. விருதுநகர் என்றால் எண்ணெய்ப் பரோட்டா. திருநெல்வேலி என்றால் அல்வா. குற்றாலம் பக்கம் போனால் பார்டர் பரோட்டா. நம் சங்கரன்கோவிலும் சும்மா இல்லை, பிரியாணிக்குப் பேர் வாங்கிய ஊர்.

இவ்வளவு பெயரில், வெயிலுக்கு இதமாக உடம்புக்கு நல்லதாக ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. சாத்தூர் வெள்ளரிக்காய்! அதை யாராவது இரண்டு கிலோ வாங்கிக் கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

இந்தப் பலகாரங்களைச் சாப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வருடத்தில் ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவனுக்குப் பால்கோவா ஒரு சந்தோஷம். வாரத்துக்கு மூன்று தடவை அந்த வழியாக வேலைக்குப் போகிறவனுக்கு அது வேறு கணக்கு. யாத்திரை போகிறவனும் வேலைக்கு அலைகிறவனும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். ஒரே கடையில்தான் இறங்குகிறார்கள். ஆனால் ஒருவனுக்கு அது விசேஷம், இன்னொருவனுக்கு அன்றாடம்.

தம்பியின் கதை

என் தம்பி 1990களில் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்தான். நாகர்கோவிலிலிருந்து மதுரை வரை அவன் எல்லை. பின்னால் திருச்சியும் சேர்ந்தது. திங்கட்கிழமை காலையில் கிளம்பினால் சனிக்கிழமைதான் வருவான். அப்பாவைப் போலவே ஊர் சுற்றும் வேலை. அம்மா புளிச்சோறு கட்டித் தருகிறேன் என்றபோது, "கம்பெனி சாப்பாட்டுப் படி தருதும்மா. டை கட்டிக்கிட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்தான்.

காலையில் பஸ் ஸ்டாண்ட் கடையில் பூரி அல்லது பொங்கல் வடை. பார்க்கிற ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு டீ வாங்கிக் கொடுப்பார். மறுத்தால் ஆர்டர் போய்விடும் என்று பயம். ஒரு நாளைக்கு எட்டு டீ, எட்டிலும் சர்க்கரை. மத்தியானம் மூன்று மணிக்கு முழுச் சாப்பாடு. கேட்கக் கேட்கச் சோறு. ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா, சால்னா. அப்புறம் லாட்ஜ், தூக்கம்.

கல்யாணத்தின்போது 62 கிலோ இருந்தான். நாற்பத்தாறு வயதில் 91 கிலோ.

சனிக்கிழமை அவன் வருகிறான் என்றால் எங்கள் வீடு திருவிழா. "வாரம் பூரா கண்டதைத் தின்னு காஞ்சு கிடக்கான்" என்பாள் அம்மா. நானும் அவன் மனைவியும் போட்டி போட்டுச் சமைப்போம். ஞாயிறு கறி, மாலையில் பணியாரம், கிளம்பும்போது பையில் முறுக்கு. போதும் என்று கையை இலைக்கு மேல் மறைப்பான். விரல் இடுக்கில் ஊற்றுவேன். அதைப் பாசம் என்று நினைத்தேன்.

2016இல் வெளியூர் பஸ் ஸ்டாண்ட் ஒன்றில் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்த ஒரு கண்டக்டர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அந்த நல்ல மனிதர் யாரென்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தான்.

மூன்றாம் நாள் பேச முடிந்தபோது என்னிடம் சொன்னான்: "அக்கா, ரோட்டுலயாவது வேண்டாம்னு சொல்லித் தப்பிச்சிருவேன். சனி ஞாயிறுதான் என்னால தப்பிக்க முடியல."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக் கொண்டுதான் சொன்னான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

டிரைவரும் கண்டக்டரும்

அப்பாவும் ஊர் சுற்றினார், தம்பியும் ஊர் சுற்றினான். ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒருவனுக்கு இப்படி ஆனது ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். சாப்பாடு மட்டும் காரணம் இல்லை என்பதை ஒரு டாக்டர் சொன்ன லண்டன் கதை புரிய வைத்தது.

லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மாடி பஸ்களில் வேலை பார்க்கும் ஊழியர்களை ஆராய்ந்தார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக் கொண்டே இருப்பார். ஒரு நாளைக்குச் சுமார் 600 படி. இருவரும் ஒரே மாதிரிக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள், ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் கூடுதலாக வந்தது. 1953இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளிவந்தது. 1956இல் இன்னொரு கட்டுரை. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சான்று ஊழியர்களின் சீருடை அளவு! டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது. வேலைக்குச் சேரும் வயதிலேயே அந்த வித்தியாசம் இருந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. அதாவது உட்காரும் வேலை மட்டுமே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நல்ல ஆய்வாளர்கள் தங்களுக்கு எதிரான சான்றையும் சேர்த்தே எழுதுவார்கள்.

மோரிஸ் தானும் உடற்பயிற்சியை விடாமல், நூறு வயதை நெருங்கி 2009இல் காலமானார்.

இதைக் கேட்டபோது எனக்கு அப்பா நினைவு வந்தது. தோளில் துணி மூட்டையோடு ஸ்டேஷனிலிருந்து கடைவீதி வரை நடப்பார். அப்பா கண்டக்டர். தம்பி, பஸ்ஸிலும் பைக்கிலும் கடை முக்காலியிலும் உட்கார்ந்தே இருந்தவன், டிரைவர். ஊர் சுற்றுவது என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலை இருந்திருக்கிறது.

தம்பி தனி ஆள் இல்லை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். வயிற்றுப் பகுதியில் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். நம்மவர்களுக்கு எடையைவிட இடுப்புச் சுற்றளவு முக்கியம் என்கிறார்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் கவனம் வேண்டும். தையல்காரர் டேப் போதும், இன்றைக்கே அளந்து பாருங்கள்.

காந்தியின் ஐந்து பொருள்

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இரண்டு மாதம் வீட்டில் இருந்தான். படிக்க ஏதாவது கொடு என்றான். என்னிடம் இருந்த சத்திய சோதனையைக் கொடுத்தேன். ஏதோ பொழுது போகட்டும் என்றுதான். அவன் ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "அக்கா, இது என் கதை" என்றான்.

காந்தியடிகள் 1915இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியதும் இந்தியா முழுக்கச் சுற்றினார். நாட்டைப் பார்ப்பதுதான் அப்போது அவர் வேலை. கல்கத்தாவில் பூபேந்திரநாத் பாசு வீட்டில் தங்கினார். அப்போது காந்தி பழமும் கொட்டையும் மட்டுமே சாப்பிடுவார். மிக எளிய சாப்பாடு என்று நினைப்போம். என்ன நடந்தது தெரியுமா? கல்கத்தாவில் கிடைத்த எல்லாப் பழங்களையும் கொட்டைகளையும் வாங்கிக் குவித்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் விழித்திருந்து கொட்டைகளுக்குத் தோல் உரித்தார்கள்.

அடுத்து ஹரித்வார் கும்பமேளா. அங்கே யோசித்தார். இப்படியே போனால் நான் சேவை செய்யப் போகிற இடத்தில் எல்லாரும் எனக்குச் சேவை செய்து கொண்டிருப்பார்கள் என்று பட்டது. அங்கேயே ஒரு விரதம் எடுத்தார். இந்தியாவில் இருக்கும்வரை 24 மணி நேரத்தில் ஐந்து பொருளுக்கு மேல் சாப்பிடுவதில்லை. இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை. தண்ணீருக்குக் கணக்கு இல்லை. மருந்து சாப்பிட்டால் அதுவும் கணக்கில் சேரும். பதின்மூன்று வருடம் கழித்து எழுதும்போது, இந்த விரதம் தன்னைச் சோதித்தது, ஆனால் கேடயமாகவும் இருந்தது, பல நோய்களிலிருந்து காப்பாற்றியது என்கிறார்.

ரயில் வந்த பிறகு நாம் தொலைத்துவிட்ட கட்டுச்சோற்றை அவர் வேறு விதத்தில் திரும்பக் கொண்டு வந்தார் என்றுதான் நான் இதைப் புரிந்து கொள்கிறேன். பொட்டலம் கையில் இல்லை, மனதில் இருந்தது. எவ்வளவு, எதுவரை என்பது புறப்படும் முன்பே முடிவாகிவிட்டது. அதன் பிறகு எந்த வீட்டு இலையில் உட்கார்ந்தாலும் அங்கே புதிதாக யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் காந்தியும் ஒரு தடவை வழுக்கினார். 1918இல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து படைக்கு ஆள் சேர்த்துக் கொண்டிருந்தார். நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும்தான் முக்கிய உணவு. வயிறு கெட்டிருந்தது. ஆசிரமத்துக்கு வந்தார். அன்று பண்டிகை. மத்தியானம் ஒன்றும் வேண்டாம் என்று கஸ்தூரிபாவிடம் சொல்லியிருந்தார். அம்மையாரோ அவருக்காகவே நெய் இல்லாமல் எண்ணெய் விட்டு கோதுமையில் ஓர் இனிப்புக் கஞ்சி செய்து வைத்திருந்தார், ஒரு கிண்ணம் பாசிப்பயறும் கூட. கஸ்தூரிபாவின் மனம் நோகாமல் கொஞ்சம் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் வயிற்றுப்போக்கு கடுமையானது. அந்த நோய் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டு போனது.

நாட்டையே நடத்தியவரால் வீட்டில் வைத்த ஒரு கிண்ணத்தைத் தாண்ட முடியவில்லை. அப்படியிருக்க என் மாணவன் எப்படி என் அதிரசத்தைத் தாண்டுவான்? தாண்ட வேண்டியது அவன் இல்லை. வைக்காமல் இருக்க வேண்டியது நான்.

இப்போது தம்பி

தம்பி காந்தி மாதிரி விரதம் எடுக்கவில்லை. "நமக்கு அஞ்சு எல்லாம் ஆகாது" என்று சொல்லிவிட்டான். டாக்டரிடம் கேட்டு, தனக்கு ஏற்ற மாதிரி சில விதிகளை ஒரு சின்ன டைரியின் முதல் பக்கத்தில் எழுதிக் கொண்டான். எட்டு டீ இரண்டாகி, அதிலும் சர்க்கரை போனது. கடைக்காரர்களிடம் "ஹார்ட்ல ஸ்டென்ட் அண்ணாச்சி, வெந்நீர் மட்டும் கொடுங்க" என்றான். ஒரு ஆர்டரும் போகவில்லை! இருபது வருடம் பயந்தது வீண் பயம். முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு போகிறான், டை கட்டிய சட்டையோடு பிரிக்கிறான். ராத்திரி எட்டு மணிக்குள் இட்லி. பஸ்ஸிலிருந்து இறங்கினால் கடைவீதிக்கு ஆட்டோ இல்லை, நடை. இரண்டரை வருடத்தில் 91 கிலோ 74 ஆனது. நடுவில் இரண்டு தடவை ஏறியது, திரும்ப இறக்கினான். அவசரப்படவில்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

பசித்த பிறகு கடை வாசலில் நின்று முடிவு எடுக்காதீர்கள். கிளம்பும் முன் வீட்டில் எடுங்கள். விதி குறைவாக இருக்கட்டும். மூன்று போதும், ஆனால் எழுதி வையுங்கள்.

முதல் வேளைச் சாப்பாடாவது கையில் இருக்கட்டும். அதை நீங்களே கட்டுங்கள். அம்மாவையோ மனைவியையோ நாலு மணிக்கு எழுப்பாதீர்கள். வேகவைத்த கடலையும் இரண்டு வெள்ளரிக்காயும் எடுத்து வைக்க யாருக்கும் சமையல் தெரிய வேண்டியதில்லை.

ஓட்டலில் சோறு ஒரு தடவை, காய் இரண்டு தடவை என்று பரிமாறுகிறவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அப்பளத்தையும் பாயசத்தையும் வைக்கும் முன் சொல்லுங்கள். வைத்த பிறகு சொன்னால் மனம் கேட்காது.

ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் தள்ளுங்கள். பொதிகையில் ஏறுகிறவர்கள் பெட்டியில் உட்கார்ந்ததும் சாப்பிட்டுவிடலாம். பத்து மணிக்கு எந்த ஸ்டேஷனில் என்ன வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக் கொள்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவோ வேளையைத் தள்ளவோ கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்குவதும் ஆபத்துதான். இதை மறக்காதீர்கள்.

இனி உறவுகளுக்கும், என் வயதுக்காரர்களுக்கும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். விருந்தாளி அதிக நாள் தங்கக்கூடாது என்பதற்குத்தான் அதைச் சொல்வோம். வேறு விதமாகவும் படிக்கலாம். விருந்துக்கும் மருந்துக்கும் அளவு உண்டு. வள்ளுவர் சாப்பாட்டின் அளவைப் பேசும் அதிகாரத்துக்குப் பெயரே 'மருந்து'தான். வீட்டுக்கு வருகிற பிள்ளை "போதும்" என்றால், அது வெட்கம் இல்லை, சம்பிரதாயம் இல்லை. அவன் உயிரைப் பற்றி உங்களிடம் ஒரு செய்தி சொல்கிறான். ஒரு தடவை சொன்னால் போதும் என்று வைத்துக் கொள்ளுவோம். இரண்டாம் தடவை கேட்க வேண்டாம்.

நேற்று அந்த மாணவனுக்கு போன் செய்தேன். "அதிரசம் கொடுத்தது என் தப்புய்யா" என்றேன். "அய்யோ டீச்சர், நீங்க போயி..." என்று பதறினான். அடுத்த தடவை வரும்போது மோரும் வெள்ளரிக்காயும்தான் என்று சொல்லியிருக்கிறேன். அவன் மனைவி பின்னாலிருந்து "நல்லாச் சொல்லுங்க டீச்சர்" என்றது கேட்டது.

தம்பி இப்போது எங்கோ திருச்சி பக்கம் இருக்கிறான். சனிக்கிழமை வருவான். கீரையும் சுண்டலும் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தப் பதிவை அவனிடம் படித்துக் காட்டி, போடலாமா என்று கேட்டுத்தான் போடுகிறேன். "எடையை மட்டும் ரெண்டு கிலோ குறைச்சுப் போடுக்கா" என்றான். வரலாற்றுப் பாடத்தில் அப்படியெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், இன்று ராத்திரி எங்கே, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். பொய் சொன்னால் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்தியவள் நான்.

எல்லாரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சங்கரன்கோவில்.